பழைய அம்பாசடருக்கு கட்-ஆஃப் சுவிட்ச்: ஓடும் இன்ஜினும் நிற்க வேண்டும்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டுகளில், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் அம்பாசடர்கள் இன்னும் நிற்கின்றன. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கும், பழைய வயரின் மேலுறை தொட்டாலே உதிரும். அப்படி ஒரு வயர் பாடியில் பட்டால் பேட்டரியின் கரண்ட் முழுக்க அதில் பாய்ந்து தீப்பிடிக்கும். சாவியை அணைத்தாலும் பயனில்லை, சில வயர்களுக்கு சாவியைத் தாண்டாமலே பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிறது. அதனால்தான் பேட்டரியையே துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும்.

பேட்டரி முனையில் மாட்டும், பச்சைத் திருகு வைத்த கட்-ஆஃப் மலிவாகக் கிடைக்கும். நிற்கும் வண்டிக்கு அது போதும். ஓடும்போது கழற்றினால் இன்ஜின் நிற்காது, ஏனென்றால் இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி இல்லாததால் வோல்டேஜ் எகிறி அதன் டயோடும் போகலாம். ஓடும் இன்ஜினையும் அவசரத்துக்கு நிறுத்த வேண்டும் என்றால் ரேஸ் கார்களில் போடும் ஆறு முனை சுவிட்சையே வாங்குங்கள்: இரண்டு பெரிய போல்ட், நான்கு சின்ன முனை, கூடவே 3 ஓம் 11 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

இங்கே சொல்வது காயில் வைத்த பெட்ரோல் வண்டிக்கு, அதுவும் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இணைந்திருந்தால் மட்டும். மிகப் பழைய வண்டி சிலவற்றில் பாசிட்டிவ் பாடியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். எப்போதும் அதுதான் முதலில், திரும்ப மாட்டும்போது கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

சுவிட்சை வண்டியில் பொருத்தும் முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துச் சின்ன முனைகளைச் சோதியுங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பீப் அடிக்கும் ஜோடி இக்னிஷனுக்கு, ஆஃபில் அடிப்பது ரெசிஸ்டருக்கு. இதைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சுவிட்சை டிரைவர் பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு தடித்த கேபிள் சுவிட்சின் முதல் பெரிய போல்ட்டுக்கு. அடுத்த போல்ட்டிலிருந்து ஸ்டார்ட்டருக்கு. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் பழைய கேபிளின் தடிமனுக்குக் குறையாதீர்கள். பேட்டரி பாசிட்டிவில் கூடவே மாட்டிய மெல்லிய வயர் ஏதும் இருந்தால் அதையும் ஸ்டார்ட்டர் பக்க போல்ட்டுக்கு மாற்றுங்கள். பலரும் விடுவது இதைத்தான், விட்டால் சுவிட்ச் இருந்தும் இல்லாத கதைதான். தகட்டில் துளை போட்டால் ரப்பர் வளையம் போடாமல் கேபிளை நுழைக்காதீர்கள், விளிம்பே கேபிளை அறுத்துவிடும்.

அப்புறம் காயிலின் பாசிட்டிவுக்கு வரும் வயரைக் கழற்றி இக்னிஷன் ஜோடியின் ஒரு முனையில் கொடுத்து, மறு முனையிலிருந்து காயிலுக்குப் புது வயர் இழுங்கள். ரெசிஸ்டர் ஜோடியில் ஒரு முனையை ஸ்டார்ட்டர் பக்க பெரிய போல்ட்டோடு சேருங்கள், மறு முனை ரெசிஸ்டர் வழியாக பாடி எர்த்துக்குப் போகட்டும். வோல்டேஜ் எகிறுவதை அது தாங்கிக்கொள்ளும். சூடாகும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சரி, சோதனை. ஹெட்லைட்டைப் போட்டு சுவிட்சைத் திருப்புங்கள், அணைய வேண்டும். அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டுத் திருப்புங்கள், அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கவில்லையா, சின்ன ஜோடிகள் மாறியிருக்கும், இல்லையென்றால் காயிலுக்கு வேறு வழியில் கரண்ட் வருகிறது.

டீசல் அம்பாசடரில் இது இன்ஜினை நிறுத்தாது, இழுக்கும் ஸ்டாப் குமிழ்தான் அங்கே வழி. ஏர்பேக், கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் இந்த முறையை முயல வேண்டாம், நல்ல எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.