நல்ல ஓவியம், தப்பான சுவர்: மக்கள் ஓட்டுப் போடும் கலைப் போட்டியில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 2009-ல் ரிக் டெவோஸ் ஆர்ட்பிரைஸ் என்ற போட்டியைத் தொடங்கினார். நகர மையத்தில் ஒரு கட்டட உரிமையாளர் இடம் கொடுக்கச் சம்மதித்தால் போதும், யார் வேண்டுமானாலும் படைப்பை வைக்கலாம். பரிசு யாருக்கு என்பதை நடந்து பார்க்க வரும் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த ஆண்டு முதல் பரிசு 2,50,000 டாலர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் போய்க் குவிந்தார்கள்.

அதன் பிறகு விதிகள் பலமுறை மாறிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் விழும் பள்ளம் மட்டும் மாறவில்லை. கடைசித் தேதிக்கு முன் பதிவு செய்யுங்கள், நல்ல புகைப்படம் எடுங்கள், விதிமுறையைப் படியுங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடத்தைக் கடைசியில் தேடுவது

இதுதான் பெரிய தவறு. நல்ல கலைஞர்களே செய்வதால் பார்க்கிறவருக்கு எரிச்சலும் கூடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் எட்டு மாதம் உட்கார்ந்து ஓர் ஓவியத்தை முடிக்கிறார். முடித்த பிறகு இடம் தேடுகிறார். ஆர்ட்பிரைஸில் எந்தப் படைப்பு எங்கே இருக்கும் என்பதை அமைப்பாளர்கள் தீர்மானிப்பதில்லை. இடத்தின் உரிமையாளரும் கலைஞரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வதுதான். ஆகவே அருங்காட்சியகம், மாநாட்டு அரங்கம், பெரிய ஹோட்டலின் முன்கூடம் எல்லாம் முதலிலேயே நிரம்பிவிடுகின்றன. தாமதமாகப் போகிறவருக்குக் கிடைப்பது ஓர் அலுவலகத்தின் பின்பக்க நடைவழி. அது மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும், சனி ஞாயிறு திறக்காது. கூட்டம் அலைமோதுவதோ சனிக்கிழமை பிற்பகலில். முடிவு வந்ததும், "மக்களுக்கு ரசனை இல்லை" என்று ஒரு பேச்சு. ரசனை இருக்கிறதா என்று பார்க்க மக்கள் அந்தக் கதவுக்குள் போயிருக்க வேண்டுமே!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 300 பேர் கடக்கும் நடைவழியில் நூற்றுக்கு ஐந்து பேர் ஓட்டுப் போட்டால் 15 ஓட்டு. 5,000 பேர் கடக்கும் கூடத்தில் நூற்றுக்கு ஒருவர் போட்டாலே 50. ஐந்து மடங்கு பிடித்துப்போன படைப்பு மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கிறது. போட்டி நடக்கும் இரண்டரை வாரத்தில் இந்த இடைவெளியை எந்தத் திறமையாலும் நிரப்ப முடியாது.

இடமே படைப்பின் பாதி என்பதற்கு 2014-ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அனிலா குவயூம் ஆகாவின் 'இன்டர்செக்‌ஷன்ஸ்' ஆறரை அடிச் சதுரப் பெட்டி. லேசரால் வெட்டிய மரச் சல்லடை, நடுவில் ஒரே ஒரு விளக்கு. அதன் நிழல் அறையின் சுவர், தரை, கூரை எங்கும் படர்ந்தது. வைத்திருந்தது கிராண்ட் ராபிட்ஸ் கலை அருங்காட்சியகத்தில், அதற்கென்றே ஒதுக்கிய வெற்றறையில். மக்கள் ஓட்டின் பெரும்பரிசு 2,00,000 டாலரையும் அது வென்றது; பின்னாளில் சேர்க்கப்பட்ட நடுவர் பரிசையும் சோன்யா கிளார்க் என்ற கலைஞருடன் பகிர்ந்துகொண்டது. அதே பெட்டியை ஜன்னல் வெளிச்சம் விழும் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில், இன்னும் நான்கு பேர் படங்களுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தால்? நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் அது வெறும் மரப்பெட்டி.

எனவே இடத்தை முதலில் பிடியுங்கள். படைப்பின் அளவு, வெளிச்சம், பார்க்கும் தூரம் எல்லாவற்றையும் அந்த இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் குறைந்தது மூன்று முறை நேரில் போக வேண்டும்: வேலைநாள் காலை, வேலைநாள் மாலை, சனிக்கிழமை பிற்பகல். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஓரமாக நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணுங்கள். கதவுக்குள் நுழைகிறவரின் பார்வை முதலில் விழும் சுவர் ஒன்று எந்த அறையிலும் இருக்கும். கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். நுழைந்ததும் முதுகுக்குப் பின்னால் போய்விடும் சுவரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு டேப்பை எடுங்கள். சாமான் இறக்கும் கதவின் அகலம், உயரம், லிஃப்டின் உள்ளளவு, லிஃப்டுக்கு வெளியே திரும்பும் இடத்தின் அகலம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குள் நுழைந்துவிடும் பலகை வெளியே வந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எட்டடிக்கு மேல் போகும் எதையும் துண்டுகளாகச் செய்து, அங்கே போய்ப் போல்ட் போட்டு இணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சுவர் எதனால் ஆனது என்று தட்டிப் பாருங்கள். ஜிப்சம் பலகைச் சுவரில் வெறும் ஆணி அடித்துக் கனமான படத்தை மாட்டினால் இரண்டாம் நாளே சரியத் தொடங்கும். உள்ளே அந்தப் பலகையைத் தாங்கிச் செங்குத்தாகச் சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து அதில் திருகாணி போட வேண்டும். அமெரிக்கக் கட்டடங்களில் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். செங்கல், கான்கிரீட் சுவரென்றால் துளை போட உரிமையாளர் விடுகிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் விடமாட்டார்கள். அப்போது தரையில் தானாக நிற்கும் தாங்கிச் சுவர் தேவைப்படும். அதற்கான செலவு உங்கள் தலையில்தான்.

உயரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கேலரியில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் வருமாறு மாட்டுவது வழக்கம். கூட்டம் நெருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு உதவாது. முன்வரிசைத் தலைகளே படத்தை மறைத்துவிடும். பெரிய படத்தின் முக்கியமான பகுதி 180 சென்டிமீட்டருக்கு மேலே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் தேவைப்பட்டால், அந்தச் சுவரின் பிளக்கில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 80 விழுக்காடு, அதாவது 12 ஆம்பியர், 1,440 வாட். அதே இணைப்பில் காபி இயந்திரமும் இருந்தால், காலை நெரிசலில் உங்கள் புரொஜெக்டர் அணையும். யாரும் ஓடி வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறக்கப் போவதில்லை.

வெளிச்சத்தை அந்தி வேளையில் சோதிக்க வேண்டும். கிராண்ட் ராபிட்ஸில் செப்டம்பர் கடைசியில் மாலை ஏழரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் விளக்கொளியில்தான். விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்கூச்சம் குறையும். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால், பகல் முழுவதும் மக்கள் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள், அல்லது பிரதிபலிக்காத கண்ணாடி போடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். திறக்கும் நேரம், சனி ஞாயிறு உண்டா, பக்கத்தில் வேறு யாருடைய படைப்பு வரும், எத்தனை அடி இடைவெளி, சேதமானால் காப்பீடு யாருடையது, விற்றால் உரிமையாளருக்குப் பங்கு உண்டா, எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும் என்ற ஏழும் தாளில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி வந்தவரின் படத்துக்கு முன்னால்தான் இரண்டாம் வாரம் ஒரு விளம்பரப் பலகை வந்து நிற்கும்.

பெரிதாகச் செய்தால் ஜெயிக்கலாம் என்ற நினைப்பு

இந்த எண்ணம் சும்மா வரவில்லை. 2009-ல் வென்ற ரான் ஆர்ட்னரின் கடல் ஓவியம் 19 அடி அகலம். 2010-ல் கிறிஸ் லாபோர்ட் பென்சிலால் வரைந்த குதிரைப்படை 28 அடி அகலம். 2012-ல் அடோனா காரே வரைந்த யானைகள் 35 அடி. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு 40 அடித் துணியை வாங்கிவிடுகிறார்கள்.

அளவு ஒரு வேலையைத்தான் செய்கிறது: தூரத்திலிருந்து ஆளை இழுக்கிறது. கிட்டே வந்தவருக்கு அங்கே வேறொன்று காத்திருக்க வேண்டும். 2017-ல் மக்கள் ஓட்டில் வென்ற ரிச்சர்ட் ஷ்லாட்டரின் லிங்கன் முகம் 24,000-க்கும் மேற்பட்ட ஒரு சென்ட் நாணயங்களால் ஆனது. பத்து மீட்டரில் முகம், ஒரு மீட்டரில் காசு. லாபோர்ட்டின் படத்திலும் அப்படித்தான், கிட்டே போனால் ஒவ்வொரு வீரனுக்கும் தனி முகம். தூரத்தில் தெரிவதும் கிட்டத்தில் தெரிவதும் ஒன்றே என்றால், எட்டடிப் படமும் எண்பதடிப் படமும் ஒரே பத்து வினாடியைத்தான் வாங்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. படைப்பின் புகைப்படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்னவென்று தெரிந்தால் தூரத்திலும் தெரியும். பிறகு அதே படத்தின் நடுவே ஒரு கை அகலத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே புதிதாக ஒன்றும் இல்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.

ஓட்டு எண் கண்ணில் படாமல் இருப்பது

ஓட்டுப் போடுகிறவர் குறிப்பிட வேண்டிய உங்கள் படைப்பின் எண் இருக்க வேண்டியது படைப்புக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில், இரண்டு மீட்டரிலிருந்து படிக்கும் அளவில். அவ்வளவுதான்.

ஊரில் இல்லாதவர்களிடம் ஓட்டுக் கேட்பது

ஆர்ட்பிரைஸ் மாதிரிப் போட்டிகளில் வாக்காளர் அந்த நகருக்கு நேரில் வந்திருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் விழும் ஆயிரம் லைக்கும் ஓட்டாகாது.

விளக்கப் பலகையில் கட்டுரை எழுதுவது

நின்றுகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர் தள்ளும்போது படிக்கிற எழுத்து அது. அறுபது சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுத்தின் அளவு குறைந்தது 24 புள்ளி (பாயின்ட்). முதல் வரியில் எதனால் செய்தது, இரண்டாவதில் எப்படிச் செய்தது. மக்கள் ஓட்டில் இந்த 'எப்படி'க்கு இருக்கும் பலத்தைப் பலர் உணர்வதில்லை. 2013, 2015 இரண்டு ஆண்டுகளிலும் ஆன் லவ்லெஸ் ஒட்டுத்துணி வேலையால் வென்றார். துணியும் நூலும் கொண்டு ஒரு நிலக்காட்சியை உருவாக்கியிருக்கிறார் என்று கூட்டத்துக்கு உடனே புரிகிறது, உழைப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் படைப்பில் அந்த உழைப்பு மறைந்திருந்தால், பலகையில் ஒரு வரியில் எடுத்துச் சொல்லுங்கள். "இருத்தலின் விளிம்பில் ஒரு விசாரணை" என்றெல்லாம் எழுதினால் கூட்டம் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

நடுவர் பரிசும் மக்கள் பரிசும் தனித்தனியாக இருக்கும் போட்டியில் இரண்டையும் குறிவைத்து ஒரு படைப்பை உருட்டுவது. 2014-ல் ஆகாவுக்கு இரண்டும் கிடைத்தது அபூர்வம். 2015-ல் மக்கள் தேர்ந்தெடுத்தது லவ்லெஸ்ஸின் துணிவேலை. நடுவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு வீட்டில் பெண்கள் ஊஞ்சலாடும் கேட் கில்மோரின் நிகழ்த்துகலை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் படைப்பு இரு பக்கமும் ஓட்டிழக்கும்.

வெளியில் வைத்துவிட்டுக் காற்றை மறப்பது

3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள ஒரு பலகை தரையில் நிற்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அதை ஏறக்குறைய 125 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அடித்தளம் 1.2 மீட்டர் அகலமென்றால், கவிழாமல் நிற்கவே 210 கிலோ பாரம் வேண்டும். பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் 20 கிலோ மணல்மூட்டை 16. காற்று 80 கிலோமீட்டரானால் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இரண்டு மூட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட வேண்டும். துணிப் பதாகையில் ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கை. சில ஓட்டைகளால் விசை சொல்லும்படி குறையாது.

மழைக்கு: மின் இணைப்பு ஒவ்வொன்றும் தரையிலிருந்து மேலே, மூடிய பெட்டிக்குள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத பிளக்கில் எதையும் செருகாதீர்கள்.

"தொடாதீர்கள்" என்று எழுதிவிட்டுத் தொடத் தூண்டுவது

பஞ்சு, முடி, உருளும் பொருள், பொத்தான் எது வைத்தாலும் குழந்தைகள் தொடுவார்கள். ஒன்று, தொட்டாலும் கெடாமல் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு மீட்டர் தள்ளித் தடுப்பு போடுங்கள். அறிவிப்புப் பலகை தடுப்பாகாது.

பக்கத்தில் நிற்கத் தெரியாமல் நிற்பது

கலைஞர் அருகில் நின்றால் பேச்சு வளரும், ஓட்டும் வரும். ஆனால் படத்துக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆள் வந்து பத்து வினாடி பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். "ஓட்டுப் போடுங்க" என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னால், அவர் படத்தை விட்டு உங்களைத் தவிர்க்கும் வழியைப் பார்க்கத் தொடங்குவார்.

இரண்டு சுற்று உள்ள ஆண்டுகளில், முதல் சுற்று முடியும் முன் வரும் சனி ஞாயிறுதான் முக்கியம். விடுப்பு எடுப்பதானால் அப்போது எடுங்கள். இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் அதன் பிறகு நிற்பதில் ஓட்டுக் கணக்கில் பயனில்லை.

கழற்றும் செலவை மறப்பது

பணம் முழுவதையும் செய்வதில் கொட்டிவிட்டு வருகிறார்கள். முடிந்த மறுநாள் வண்டி, இரண்டு ஆள், சுவரின் ஓட்டையை அடைக்கப் புட்டி, அதே நிறத்தில் ஒரு டப்பா பெயின்ட், வைக்க ஒரு கூரை என எல்லாம் தேவைப்படும். மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள். கட்டிய பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டு, எந்தப் பக்கம் மேலே என்று முதல் நாளே எழுதி வைத்தால், கழற்றும் இரவில் யாரோ ஒருவர் அவற்றைத் தலைகீழாக அடைக்காமல் இருப்பார்.