தஜ்வீத் பழக ‘குல்ஹுவல்லாஹு’ சூரா போதும்

பர்மா பஜார் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, 36 வயதில் தஜ்வீத் (குர்ஆனைத் திருத்தமாக உச்சரித்து ஓதும் முறை) பழக மண்ணடி மத்ரஸா ஒன்றில் சிறுவர்களோடு போய் உட்கார்ந்தேன். மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் நடுவே வகுப்பு. முதல் நாள், குர்ஆனின் சிறிய சூராக்களில் (அத்தியாயங்களில்) ஒன்றான ‘குல்ஹுவல்லாஹு’ ஓதச் சொன்னார் ஹஸ்ரத் (ஆசிரியர்). ஓதினேன். “தம்பி, ‘சொல்’லுன்னு அல்லாஹ் சொல்றான். நீங்க ‘சாப்பிடு’ன்னு ஓதுறீங்க” என்றார். பசங்க சிரித்துவிட்டார்கள்.

தமிழில் இரண்டுமே ‘குல்’தான். அரபியில் காஃப் இரண்டு உண்டு. அதனால்:

படி 1: தமிழ் எழுத்தில் அச்சடித்த சூராவை மூடி வையுங்கள். அரபி எழுத்து 28தான், ஒரு மாதத்தில் பழகிவிடும். நம் பாட்டன்மார் தமிழையே அரபி எழுத்தில் எழுதியவர்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். நாம்தான் இப்போது தலைகீழாக ஓதிக்கொண்டிருக்கிறோம்.

படி 2: எழுத்து பிறக்கும் இடம், அதாவது மக்ரஜ். ‘சொல்’ என்னும் குல்லுக்கு நாக்கின் அடிப்பகுதி உள்நாக்குப் பக்கம் போய் மேலே தொட வேண்டும். நம் ‘க’ பிறக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால். ‘ஹுவ’வில் வரும் ஹ தொண்டையின் அடியிலிருந்து வரும். ‘அஹத்’தில் வருவது வேறு ஹ. தொண்டையின் நடுவை நெருக்கிக் காற்றை விடுங்கள். ‘ஸமத்’தில் வரும் ஸ்வாது என்ற எழுத்துக்கு நாக்கின் பின்புறம் மேலே எழ வேண்டும், ஓசை தடிக்கும். ‘ஹுவல்லாஹு’வின் லாமும் (ல எழுத்தும்) தடித்துத்தான் வரும். பிஸ்மில்லாஹ்வில் அதே லாம் மெலியும், முன்னால் இகர ஓசை வருவதால்.

படி 3: கல்கலா. காஃப், தா, பா, ஜீம், தால் என்ற ஐந்து எழுத்தும் சுகூனோடு (உயிரோசை இல்லாமல்) வந்தால் லேசாக அதிர்ந்து எழும். இவற்றில் காஃப் என்பது ‘சொல்’லின் காஃப், தா என்பது தடித்த தா. இந்தச் சூராவின் 4 ஆயத்தும் (வசனமும்) தாலில்தான் முடிகின்றன. நமக்கு இங்கேதான் சறுக்கல். வல்லினத்தில் சொல்லை முடித்துப் பழக்கமில்லாத வாய், தானாகவே ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடும்: ‘அஹது’. அந்த உகரம் கூடாது. பந்து தரையில் பட்டு எழுவது போல ஓசை எழுந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ‘லம் யலித்’ நடுவில் வந்தாலும் இதே கதைதான்.

படி 4: நீட்டல். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது பாதி தெரிந்த விஷயம். ‘யலித்’தில் எல்லாம் குறில். ‘யூலத்’தில் யூ நெடில், 2 மாத்திரை. இயல்பான மத்துக்கும் (அரபி நீட்டலுக்கும்) அளவு அதே 2தான். குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லான ‘ழால்லீனில்’ 6 வரை நீளும், கிட்டத்தட்ட நம் அளபெடை மாதிரி. (அந்தச் சொல்லின் முதல் எழுத்தைத் தமிழில் ‘ழ’ என்று அச்சடிப்பார்கள். ‘வாழை’யில் வரும் ழ இல்லை அது. நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப்பற்களில் பட வேண்டும்.)

படி 5: நூன் சுகூன், அதாவது உயிரோசை இல்லாத ன். இதைப் புணர்ச்சி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ‘யகுன் லஹூ’ ஓதும்போது ‘யகுல்லஹூ’ ஆகிறது. நூன் லாமில் கரைந்துவிட்டது, இது இத்காம். அடுத்து ‘குஃபுவன் அஹத்’. இங்கே ‘அஹத்’தின் தொடக்கத்தில் ஹம்ஸா என்ற எழுத்து வருவதால் நூன் கரையாமல் தெளிவாக நிற்கும், இது இள்ஹார். ஒரே ஆயத்தில் இரண்டு பாடம்! நூனின் மற்ற இரண்டு விதிகளான இக்லாபும் இக்ஃபாவும் இந்தச் சூராவில் இல்லை, அப்புறம் பார்க்கலாம்.

வீட்டில் எகிப்து காரி (குர்ஆன் ஓதுபவர்) மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். அவசரமே இல்லாத ஓதல். உங்கள் குரலைப் போனில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் போன் திருத்தாது. வாயைப் பார்த்துத் திருத்த ஓர் உஸ்தாத் (ஆசிரியர்) வேண்டும்.

எனக்கு அந்த ஒரு ‘குல்’ வர 11 நாள் ஆனது. அன்றைக்கு ஹஸ்ரத் “ம்” என்றார். அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று அர்த்தம்.