செகண்ட் ஹேண்ட் பிரீமியம் எஸ்.யூ.வி: வாங்குமுன் நம்பகத்தை எடைபோடும் முறை

பிரீமியம் எஸ்.யூ.வி. ஒன்று ஏழெட்டு வருடம் ஓடியதும் அதன் விலையில் பெரும்பங்கு கரைந்துவிடும். ஆனால் அதற்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) கம்ப்ரஸரும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் இன்றைக்கும் புது வண்டி விலைக்கு ஏற்ற விலையில்தான் விற்கின்றன. வண்டி மலிவாகிறது, உதிரி பாகம் மலிவாவதில்லை. வாங்கியவர்கள் தவிப்பது இந்த இடைவெளியில்தான். அதனால் "இந்த வண்டி எத்தனை முறை கெடும்?" என்று கேட்பவர், "கெட்டால் எது கெடும், அதைக் கழற்ற எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தரவரிசைப் பட்டியல்கள் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். ஜே.டி. பவரின் நீடித்துழைப்பு ஆய்வு 3 வருடம் ஆன வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை கோளாறு என்று கணக்கிடுகிறது. போனோடு ப்ளூடூத் இணையாததும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் உதறுவதும் ஒரு கோளாறு. தவிர, நீங்கள் வாங்கப் போவது 7 அல்லது 8 வயது வண்டி. ரப்பர் வெடிப்பதும் பிளாஸ்டிக் நொறுங்குவதும் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் நீளுவதும் மூன்றாம் வருடத்தில் பெரும்பாலும் தலைகாட்டாது. ஜெர்மனியின் டியூவ் அறிக்கை கட்டாயத் தகுதிச் சோதனையில் கண்ட குறைகளிலிருந்து வருவதால், பிரேக், லைட், ஆக்சில், ஆயில் கசிவு போன்றவற்றுக்கு நம்பலாம். டைமிங் செயினைப் பற்றி அது பேசாது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது, அது உதவும். இவற்றை வைத்து நாலைந்து மாடல்களைப் பொறுக்கலாம். கையெழுத்துப் போட இவை போதாது.

பெயர்ப்பலகையை விட்டு எஞ்சின் எண்ணைப் பாருங்கள்

"அந்த பிராண்ட் கெட்டுப்போகும், இந்த பிராண்ட் உழைக்கும்" என்ற பேச்சை ஒதுக்கிவைக்கலாம். ஒரே மாடலில் ஒரு எஞ்சின் தங்கமாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருப்பது இந்த வகை வண்டிகளில் சர்வ சாதாரணம். முதல் தலைமுறை வால்வோ எக்ஸ்.சி.90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டி6 இரட்டை டர்போ எஞ்சினோடு வந்த 4 கியர் ஆட்டோமேட்டிக் அந்த முறுக்கு விசையைத் தாங்காமல் பெயர் கெட்டது. அதே வண்டியில் 2.5 டர்போவோடு வந்த 5 கியர் பெட்டிக்கு அந்த அளவுக்குப் பெயர் கெடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

எனவே எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ் வகை, தயாரான மாதம், வருடம் ஆகிய மூன்றையும் 17 இலக்க சேசிஸ் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். பரவலாகத் தெரிந்த சில:

பி.எம்.டபிள்யூ என்47, 2.0 லிட்டர் டீசல்: டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் செயின், கைடு தேய்மானம் அதிகம். பின்பக்கம் என்பதால் வேலை பெரிது.

பி.எம்.டபிள்யூ என்63, 4.4 லிட்டர் வி8: சிலிண்டர்கள் 'வி' வடிவில் இரு வரிசையாக அமைந்த இதில் டர்போக்கள் வி-யின் நடுவே உட்கார்ந்திருப்பதால் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் ஸ்டெம் சீல் காய்ந்து ஆயில் குடிக்கும், செயினும் நீளும். 2014 இறுதியில் அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டத்தை நிறுவனம் அறிவிக்க வேண்டிவந்தது.

மெர்சிடிஸ் ஓ.எம்.642, 3.0 வி6 டீசல்: அடிப்படையில் நெடுநாள் உழைக்கும் எஞ்சின். ஆயில் கூலர் மட்டும் வி-யின் பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் அடியில் இருக்கிறது. அதன் சீல் இறுகிவிட்டால் ஆயில் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் மேல் இறங்கும். பார்ப்பவர்கள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சீல் போய்விட்டது என்று தவறாக நினைப்பதுண்டு. சீல் மிக மலிவு, ஆனால் அதை எட்ட மேலிருக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

லேண்ட் ரோவர் 2.7, 3.0 வி6 டீசல்: கிராங்க் பேரிங் சுழன்று கிராங்க் உடையும் ஆபத்து இருக்கிறது. இதில் டைமிங் பெல்ட் முன்னால் ஒன்று, டீசல் பம்பை ஓட்டப் பின்னால் ஒன்று. பில்லில் "பெல்ட் மாற்றியது" என்று இருந்தால் இரண்டுமா என்று கேளுங்கள், பின்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கம். அதே நிறுவனத்தின் 2.0 இன்ஜீனியம் டீசலில் செயின் தேய்மானமும், டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போவதும் கவனிக்க வேண்டியவை.

முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8: இன்டேக்குக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் பைப்புகள் வெடிக்கும். அலுமினியப் பைப் போட்டிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி.

டர்போ இல்லாத 4.6 லிட்டர் வி8 கொண்ட லெக்சஸ் ஜி.எக்ஸ். 460 இந்த வரிசையில் மிகக் குறைவாகக் கவலை தருவது. அதிலும் வி-யின் நடுத்தகட்டில் கூலன்ட் கசிந்து இளஞ்சிவப்பு உப்பாகப் படிவதுண்டு. டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினின் முதல் மூன்று வினாடி

விற்பவரிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் முதல் வேலையாக ரேடியேட்டர் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பதற்கு நல்ல காரணம் இருப்பது அரிது.

பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போனில் பதிவை ஓடவிடுங்கள். இரவெல்லாம் நின்றதில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அழுத்தம் வரும்வரையுள்ள அந்த இரண்டு மூன்று வினாடியில், நீண்டுபோன செயின் டப்பாவில் ஆணி குலுக்கியதுபோல் சத்தம் போடும். செயின் பின்பக்கம் உள்ள எஞ்சின்களுக்கு போனை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரமாகப் பிடியுங்கள், முன்னால் பிடித்தால் ஃபேன் சத்தம்தான் பதிவாகும். சூடான பிறகு இந்தச் சத்தம் பெரும்பாலும் மறைந்துபோகும். குளிர்ந்த ஸ்டார்ட் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

பிறகு நன்றாகச் சூடேறவிட்டு, 10 முதல் 15 நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒரு மிதி மிதித்து யாரையாவது சைலன்ஸரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை குப்பென்று வந்து அடங்கினால் வால்வ் ஸ்டெம் சீல். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது.

டீசல் என்றால் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள் (டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் திரையில் தெரியும் அளவு). ஆயில் குறைந்திருப்பதைப் போலவே அதிகமாக இருப்பதும் கெட்ட அறிகுறி. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிக்கிறது. அந்த வெப்பத்துக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். குறுகிய தூரமே ஓடிய வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று தொடங்கும், ஆயில் மட்டம் ஏறும், நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் அரிக்கும். அதனால் கிலோமீட்டர் குறைவாக ஓடிய நகரத்து டீசலைவிட, நெடுஞ்சாலையில் இரண்டு மடங்கு ஓடிய டீசல் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். கரி எரியும், சாம்பல் எரியாது. வயதான வடிகட்டி நிரம்பிவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவதுதான் வழி.

ஏர் சஸ்பென்ஷனுக்கு ஒரு இரவு

இதற்கு ஒரு அளவு நாடா போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை கதவைத் திறக்காமல், ரிமோட்டையும் அழுத்தாமல் மீண்டும் அளக்கவும், கதவு திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யும் வண்டிகள் இருக்கின்றன. ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். லேண்ட் ரோவரில் ஒரு நுணுக்கம்: நிறுத்தியபின்னும் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலையின் உயரத்துக்கே மற்றவற்றையும் இறக்கிவிடும். நான்கும் ஒன்றாகக் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் அதையும் சந்தேகியுங்கள். லிஃப்டில் ஏற்றியபோது சஸ்பென்ஷனின் காற்றுப் பையான ஏர் பேக்கின் மடிப்பில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கசியும் பேக்கை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, சூடாகி அதன் பிஸ்டன் ரிங் தேய்கிறது, ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி நிறைந்துபோய், ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்து விடும் வால்வ் பிளாக்குக்குள் தண்ணீர் போகிறது. ஆகவே சர்வீஸ் ரெக்கார்டில் கம்ப்ரஸர் மட்டும் இரண்டு முறை மாறியிருந்து, பேக் ஒருமுறைகூட மாறவில்லை என்றால், மூல நோய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கியர்பாக்ஸும் நான்கு சக்கர இயக்கமும்

இந்த வண்டிகளில் பலவற்றில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். நல்ல பெட்டி. வண்டி நிறுவனங்கள் "வாழ்நாள் ஆயில்" என்று சொல்லிவிட்டாலும், பெட்டியைச் செய்த இசட்.எஃப். 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அடித்தொட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். 1,50,000 கி.மீ. ஓடியும் ஆயில் மாறாத வண்டி என்றால் அதை விலையில் கழியுங்கள். சோதிக்கும்போது மெதுவாக உருண்டு நிற்கும் வேளையில் 3-லிருந்து 2, 2-லிருந்து 1 இறங்குவதைக் கவனியுங்கள். பின்னாலிருந்து தட்டியதுபோல் உணர்ந்தால் சரியில்லை. டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றினால் ஒரு வினாடிக்குள் பிடிக்க வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுப்பதில் பெரிய பங்கு டயருக்கு உண்டு. முன்னும் பின்னும் த்ரெட் ஆழத்தில் 3 மி.மீ. வித்தியாசம் வந்தாலே சுற்றளவு மாறி, உள்ளே இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். நான்கும் வேறு வேறு பிராண்ட் டயராக இருந்தால் பெட்டியும் அடி வாங்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தரையில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். தடுக்குவது, உதறுவது, இழுத்துப் பிடிப்பது எதுவும் இருக்கக் கூடாது.

ஸ்கேனர் சொல்வதும் மறைப்பதும்

வண்டியின் கணினிப் பதிவுகளைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர். மலிவானது எஞ்சினை மட்டும்தான் படிக்கும். அந்த பிராண்டுக்கான கருவி கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், விபத்துப் பாதுகாப்பு ஏர்பேக் என எல்லா கட்டுப்பாட்டு யூனிட்டையும் படிக்கும். விற்பதற்கு முன் பதிவான கோளாறுக் குறியீடுகளை (கோடு) அழித்திருப்பார்கள், ஆனால் அழித்த தடம் தங்கிவிடும்: வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் ரெடினெஸ் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும், கோடு அழித்தபின் ஓடிய தூரம் தனியாகப் பதிவாகியிருக்கும். அது 40 கி.மீ. என்று காட்டினால் நேற்று அழித்தார்கள் என்று அர்த்தம். ஓடோமீட்டரைத் திருப்பியவர்கள் டேஷ்போர்டை மட்டும் மாற்றியிருக்கலாம், ஆனால் வேறு சில யூனிட்களிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ஒப்பிடச் சொல்லுங்கள். டீசலில் இன்ஜெக்டர் திருத்த அளவுகளையும், கடைசி ரீஜெனரேஷன்களுக்கு (வடிகட்டியின் கரி எரிப்பு) இடையே ஓடிய தூரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். சம்பந்தமில்லாத பத்துப் பதினைந்து கோடு ஒரே நேரத்தில் வந்தால் பதற வேண்டாம், முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள்.

தண்ணீர் ஒரு தனி எதிரி. பனோரமிக் கூரையின் மூலைகளில் உள்ள வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் தூண் வழியாக இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருப்பது சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரத்திலும்தான். கூரையைத் திறந்து வடிகால் வாயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். கார்ப்பெட்டை முழங்காலால் அழுத்தி ஈரம் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள ஃபோம் ஈரத்தை விடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி.

பெயின்ட் தடிமன் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் இருக்கும், 300-ஐத் தாண்டினால் பட்டி வேலை நடந்திருக்கிறது. 2012-க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவர் போன்ற அலுமினிய உடலுக்கு, இரும்பை மட்டும் அளக்கும் கருவி பயன்படாது.

லிஃப்டில் ஏற்றும்போது அடித்தட்டைக் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். ஆயிலும் கூலன்ட்டும் அதன் மேல்தான் தேங்கும், கழற்றாத சோதனையில் எல்லா வண்டியும் கசிவில்லாத வண்டிதான். அந்த பிராண்டில் தினமும் கை வைக்கும் தனி மெக்கானிக்குக்கு இரண்டு மணி நேரக் கூலி கொடுப்பது வீணாகாது.

கண்டதையெல்லாம் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: உடனே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் வரப்போவது, அந்த எஞ்சினுக்கு வரக்கூடும் என்று தெரிந்தது. முதலாவதை விற்பவர் விலையில் குறைக்க வேண்டும். இரண்டாவதைப் பேரத்தில் பாதியாவது வாங்குங்கள். மூன்றாவதற்கு வண்டி விலையில் 15 முதல் 20 சதவீதம் உங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும், அது இல்லையென்றால் ஒரு படி சிறிய வண்டியைப் பாருங்கள். குளிர் ஸ்டார்ட்டில் செயின் சத்தம், கூலன்ட் எரியும் புகை, ஒத்துப்போகாத கிலோமீட்டர், கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும், அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே எஞ்சின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில்களை மாற்றுங்கள். வடித்த எஞ்சின் ஆயிலில் 100 மி.லி. எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், செம்பும் ஈயமும் கூடுதலாக இருந்தால் பேரிங் தேய்கிறது என்று சத்தம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டுங்கள். மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.