வெயிலில் சுருங்கிய முகத்துக்கு லேசர் செய்யும் முன்
வெயிலில் காய்ந்து சுருங்கிய முகத்துக்கு ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் (புள்ளி புள்ளியாகத் தோலில் பாயும் லேசர்) செய்யப் போகிறீர்களா? சரி, முதலில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்: 10,600 நானோமீட்டர் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிச் சூடாகி நுண்துளைகள் விழுகின்றன, அவை ஆறும்போதுதான் புதுக் கொலாஜன் (தோலை உறுதியாக வைக்கும் புரதம்) உருவாகிறது, அதனால் முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

நம் மாநிறத் தோலுக்குப் பெரிய பயம் கருந்திட்டுதான். குறைந்த சக்தியில், இடைவெளி விட்டுப் பல தடவையாகச் செய்ய முடியுமா என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முதல் வாரம் முகம் சிவந்து வீங்கும், காபித்தூள் ஒட்டியது போலப் பழுப்புப் பொருக்கு கட்டும். தயவுசெய்து அதை நகத்தால் உரிக்காதீர்கள், வாசலின் தடவினால் தானே உதிரும். புண் ஆறியதும் தினமும் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியே போனால் கூடவே குடை.