டோலோ, சளி மாத்திரை, பனடால்: பெயர் வேறு, மருந்து ஒன்று

மயிலாடுதுறையில் ஒரு மெடிக்கலில் 19 வருடமாகப் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். ஒரு நாளில் என் கையால் அதிகம் எடுத்துக் கொடுப்பது பாரசிட்டமால்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. டோலோ, குரோசின், கால்பால், காய்ச்சல் மாத்திரை, "உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். சிக்கல் இந்தப் பெயர்களில்தான் தொடங்குகிறது.

போன மழைக்காலத்தில் எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, 45 கிலோ இருப்பார். "ஏம்மா, நாலு நாளா வயித்தப் பிரட்டுது, அதுக்கு ஒரு மாத்திரை கொடு" என்றார். "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கய்யா?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கண்ணாடி மேசையில் கொட்டினார். காய்ச்சலுக்கு 650, ஒரு நாளைக்கு மூன்று. மகன் வாங்கிக் கொடுத்த சளி மாத்திரை, அதுவும் மூன்று. முழங்கால் வலிக்கு முன்பு எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்தது, காலையும் இரவும்.

மூன்று அட்டையையும் திருப்பிப் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரையில் பாரசிட்டமால் 650 மி.கி. சளி மாத்திரையில் மூக்கடைப்பு மருந்தோடு பாரசிட்டமால் 500. முழங்கால் மாத்திரையில் அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்தோடு பாரசிட்டமால் 325. பில்லின் பின்பக்கத்தில் கூட்டினேன்: 1950, 1500, 650. மொத்தம் 4100. நல்ல உடல்நிலையில் இருக்கும் வயது வந்தவர்களுக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4000 மி.கி. இவர் உடம்புக்கு அதைவிட நிறையக் குறைக்க வேண்டும். "மூணும் வேற வேற மாத்திரைதானேம்மா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வயிற்றுப் பிரட்டலுக்கு மாத்திரை கொடுக்காமல், மூன்று அட்டையையும் கையில் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் எந்த மாத்திரை வாங்கினாலும் முதலில் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் பாரசிட்டமால் இருக்கிறதா, எத்தனை மி.கி. என்று பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கலாம், கடையில் இருப்பவரிடமும் கேட்கலாம். சொல்வது எங்கள் வேலை. சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் பனடாலும் பாரசிட்டமால்தான். அமெரிக்காவிலிருந்து வரும் டைலினாலில் அசிட்டமினோஃபென் என்று போட்டிருக்கும். அதுவும் இதே மருந்து. நாலே மாத்திரை போதும் என்று அட்டையை வெட்டி வாங்கினால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் உங்கள் துண்டில் வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது அளவு. வயது வந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 போதும். 650 என்றால் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். 500 என்றால் ஆறுக்கு மேல் நானாக யாருக்கும் சொல்வதில்லை. எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் நோய், தினமும் குடிக்கும் பழக்கம், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் தொடரக் கூடாது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அப்போது கொஞ்சம் நச்சும் உண்டாகும். அதை முறிக்கும் பொருள் கல்லீரலிலேயே இருக்கிறது, ஆனால் அளவோடுதான் இருக்கிறது. குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் அது இன்னும் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பாரசிட்டமாலை நாள்கணக்கில் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எப்போது சாப்பிட்டோம் என்பது காய்ச்சல் மயக்கத்தில் மறந்துவிடும். தினசரி காலண்டர் தாளில் நேரத்தையும் மி.கி.யையும் எழுதி வையுங்கள். வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும்போது இது ரொம்ப உதவும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., அதாவது 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 100 முதல் 150. சிரப் 5 மில்லியில் 120, 125, 250 என்று பல வீரியத்தில் வருகிறது. சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 100. என் தங்கை வீட்டில், மூத்தவனுக்கு வாங்கிய 250 பாட்டிலிலிருந்து 10 கிலோ இருந்த சின்னவளுக்கும் வழக்கம்போல் 5 மில்லி ஊற்றிவிட்டார்கள். "அக்கா, பாட்டில் மாறிப்போச்சு" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன். ஒரு வேளைதான் என்பதாலும், டாக்டரிடம் உடனே பேசிக் கேட்டுக்கொண்டதாலும் தப்பியது. அந்த பாட்டிலில் அவளுக்கு வேண்டியது இரண்டரை மில்லிதான். சமையலறைக் கரண்டியில் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் மூடியில் அளந்து ஊற்றுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் டெங்கு வரும். அப்போது காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். வலி ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமான நேரம். காய்ச்சல் விட்டபிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சாதாரணக் காய்ச்சலே மூன்று நாளைத் தாண்டினாலும் மாத்திரையோடு வீட்டில் உட்கார வேண்டாம்.

அளவு மீறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும், தாமதமாகிவிட்டாலும் போங்கள். 108-ஐ அழையுங்கள். காலி அட்டை, பாட்டில், காலண்டர் தாள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.