பிள்ளைகள் நடத்தும் திட்டத்துக்குச் சின்ன நிதி கேட்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரைப் பக்கத்தில், பிள்ளைகளே சேர்ந்து ஊருக்கு ஏதாவது செய்ய முன்வந்தால் கொடுப்பதற்கென்று ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறோம். பழைய மாணவர்களும் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் போடுகிற பணம். ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓய்வுபெற்ற டீச்சர் என்பதால் விண்ணப்பங்களை முதலில் படிக்கும் வேலை என் தலையில். படித்த அனுபவத்தில் சொல்கிறேன், மக்களே. வேறு எங்கே நிதி கேட்டாலும் இதில் பாதியாவது உதவும்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். 'சமூக நல்வாழ்வை மேம்படுத்தும் நோக்கில்' என்று தொடங்கினால் யாரோ ஒரு மாமா எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் அனுப்பியது மூன்றே வரி. சாயங்காலம் கடற்கரையில் பையன்கள்தான் பந்து விளையாடுகிறார்கள், ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை இடம் எங்களுக்கு வேண்டும், பந்தும் பம்ப்பும் முதலுதவிப் பெட்டியும் வாங்கப் பணம் வேண்டும். அவ்வளவுதான். யாருக்கு, எங்கே, எப்போது, எதற்கு எல்லாம் அதில் இருந்தது. அங்கே விளையாடும் அண்ணன்மாரிடம் பேசி நேரம் வாங்கிய பிறகுதான் அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு அதைவிடப் பிடித்தது.

விண்ணப்பம் வந்ததும் பெரியவரை நான் அழைப்பதில்லை, பிள்ளைகளில் ஒருவரை அழைப்பேன். இது யாருடைய யோசனை, பொறுப்பாளர் வெளியூர் போனால் நீங்கள் கூடும் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பேன். இதற்குப் பதில் வந்தால் மீதி எல்லாம் சரியாகிவிடும்.

செலவுக் கணக்கை நீங்களே போடுங்கள். கோட்டாறு, மார்த்தாண்டம், குளச்சல், எது பக்கமோ அங்கே போய் இரண்டு கடைகளில் விலை கேட்டு, கடைப் பெயரோடு எழுதுங்கள். ஆட்டோ, பஸ் செலவு, டீ, வடை எல்லாம் சேர்க்கலாம், அதில் வெட்கமில்லை. பலரும் அதை விட்டுவிட்டுப் பிறகு கைக்காசு போடுகிறார்கள். இரவல் கிடைக்கும் நாற்காலி, ஒலிபெருக்கியையும் 'இலவசம்' என்று குறியுங்கள், ஊர் கூட நிற்பது அதில் தெரியும். ஆனால் ஃபிளக்ஸ், டி-ஷர்ட், தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், அவருக்குப் பொன்னாடை, இவற்றைப் பார்த்தால் என் சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொள்ளும்.

தெருவிளக்கு, சுற்றுச்சுவர் போன்றவை இந்தப் பணத்துக்கு அடங்காது. கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது.

பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்பதுதான் பலருக்கும் சிக்கல். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பத்து வயதுக்கு மேல் வங்கிக் கணக்கைச் சொந்தமாக நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் பொதுப் பணத்தை ஒரு பிள்ளையின் கணக்கில் போடாதீர்கள், பின்னால் சண்டை வரும். நூலக வாசகர் வட்டம், மகளிர் குழு, இளைஞர் மன்றம், பங்குப் பேரவை (தேவாலய நிர்வாகக் குழு), ஏதாவது ஒன்றின் கணக்கு வழியாக வாங்குங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் கையெழுத்துப் போடட்டும். எதில் செலவழிப்பது என்ற முடிவு பிள்ளைகளுடையது என்பதை ஒரு தாளில் எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி நம் மாவட்டத்தில் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ள மாமா துபாயிலிருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது. அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றால் கதை வேறு. அந்தச் சட்டத்தின் அனுமதி இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. வெளிநாட்டு அமைப்புகள் இணையத்தில் அறிவிக்கும் நிதிக்கும் இதே விதிதான்.

தேதி குறிக்கும்போது கடலையும் பாருங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்பாமார் ஊரில் இருப்பார்கள், உதவிக்கு ஆள் கிடைக்கும், ஆனால் வீட்டில் காசு இருக்காது, மழையும் உண்டு. மார்ச், ஏப்ரல் பரீட்சை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் எதை வைத்தாலும் ஆள் வராது.

இனி, பெரியவர்கள் வாசிக்க வேண்டிய பகுதி. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகள்மேல் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். புகைப்படம் எடுத்துப் போடப் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். துக்கத்தைப் பற்றிப் பேசும் திட்டம் என்றால், ஆறுதல் சொல்லும் பொறுப்பைச் சக பிள்ளைகள் தோளில் ஏற்றாதீர்கள். அவர்கள் கதை எழுதட்டும், படம் வரையட்டும், கூட உட்காரட்டும். யாராவது உடைந்து போனால் மனநல உதவிக்கு 14416, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டையும் அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வாங்கிய அன்றே பில்லை நோட்டில் ஒட்டிவிடுங்கள். டீக்கடையில் பில் தரமாட்டார்கள், அதற்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். முடிவில் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், யார் நின்றுபோனார்கள், ஏன் என்று எழுதினால் போதும், புகழ்ச்சி வேண்டாம். பணம் மிச்சம் என்றால் செலவழிக்கும் முன் எங்களைக் கேளுங்கள். பந்துக்கு இன்னொரு பிளாடர் வாங்குகிறோம் என்று சொன்னால் அநேகமாகச் சரி என்றுதான் சொல்வோம்.