புரதம் கடத்தும் பாக்டீரிய மரபணுக்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மரபணுவை நீக்கியதும் பாக்டீரியா வளராமற்போனால், வளர்ச்சிக்கு அந்த மரபணுவே இன்றியமையாதது என்று முடிவுகட்டுவது இத்துறையில் எளிதாக நேரும் தவறு. ஈ. கோலை பாக்டீரியாவின் செக்-பி மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிதாக உருவாகும் சில புரதங்கள் முன்னதாகவே மடிந்துவிடாமல் காத்து, மடியாத புரதங்களைச் சவ்வின் வழியே கடத்தும் செக் பாதையில், ஏடிபி ஆற்றலால் இயங்கும் செக்-ஏ புரதத்திடம் அவற்றை ஒப்படைப்பது செக்-பியின் வேலை. செக்-பி நீக்கப்பட்ட வகைகள் எளிய ஊடகத்தில் வளர்ந்தன. சத்து மிகுந்த ஊடகத்தில் வளரவில்லை. கடத்தல் தடைப்பட்டதே காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உண்மைக் காரணம், செக்-பியை ஒட்டி அமைந்துள்ள ஜிபிஎஸ்-ஏ என்னும் மரபணுவின் வெளிப்பாடு அந்த நீக்கத்தால் குறைந்ததே ஆகும். சவ்வின் பாஸ்போலிப்பிடுகளுக்குத் தேவையான கிளிசரால் பாஸ்பேட்டை உருவாக்கும் நொதிக்குரிய மரபணு அது. ஆகவே நீக்கிய மரபணுவை மட்டும் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) திருப்பிக் கொடுத்து, குறை நீங்குகிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. மடிந்த புரதங்களைக் கடத்தும் டாட் பாதையில் டாட்-ஏ மரபணுவை மட்டும் நீக்கினால் கடத்தல் முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. குரோமோசோமின் வேறோரிடத்தில் இருக்கும் டாட்-இ ஓரளவு ஈடுகட்டுகிறது. டாட்-ஏ இருக்கும் அதே ஓபரானில் (ஒன்றாகப் படியெடுக்கப்படும் மரபணுத் தொகுதியில்) இருப்பதால் டாட்-டியும் கடத்தலுக்கு உரியது என்று கருதுவதும் தவறு. அது சைட்டோபிளாசத்தில் இருக்கும், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி என்றும், கடத்தலுக்குத் தேவையற்றது என்றும் 2000-இல் காட்டப்பட்டது.

டாட் பாதை பழுதான செல்கள் பிரியாமல் சங்கிலியாக நிற்பதைக் கண்டு, செல் பிரிவில் டாட் புரதங்களே நேரடியாக ஈடுபடுகின்றன என்று எண்ணிவிட வேண்டாம். டாட் வழியே சென்று செல்சுவரை வெட்டும் அமி-ஏ, அமி-சி என்னும் இரு நொதிகள் பெரிபிளாசத்தை (உள், வெளிச் சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதியை) அடைய முடியாததே அதற்குக் காரணம்.

கடத்தல் நடந்ததா என்று காட்டும் அறிவிப்புப் புரதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழைதான் என் பார்வையில் இன்னும் ஏமாற்றக்கூடியது. வழக்கமான பச்சை ஒளிர்புரதம் டாட் வழியாக மடிந்த நிலையில் சென்றால் பெரிபிளாசத்தில் ஒளிரும்; செக் வழியாக மடியாமல் சென்றால் பொதுவாக ஒளிராது. ஒளி இல்லை என்பதற்காகக் கடத்தல் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கார பாஸ்படேஸின் நிலை நேர்மாறானது: டைசல்பைடு பிணைப்புகள் உருவாகும் பெரிபிளாசத்தில்தான் அது செயல்படும் என்பதால், செக் பாதைக்கு அதுவே பொருத்தம்.

கடத்தல் தாமதமாவதைச் சாதாரண வெஸ்டர்ன் பிளாட் (எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் முறை) மறைத்துவிடக்கூடும். கதிரியக்க மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிது நேரம் கொடுத்து, கடத்தலுக்கு வழிகாட்டும் சமிக்ஞை வரிசை வெட்டப்படாத முன்வடிவம் எவ்வளவு வேகமாக முதிர்வடிவமாகிறது என்று தொடர்ந்து பார்ப்பதே நம்பகமானது. செக்-ஏவைத் தடுக்கச் சோடியம் அசைடு சேர்ப்பவர்கள், அது சுவாச நொதிகளையும் தாக்கும் என்பதை நினைவில் வைத்து, அசைடை எதிர்க்கும் செக்-ஏ பிறழ்வு கொண்ட வகையையும் உடன் வைத்து ஒப்பிட வேண்டும்.